துண்டு கேட்ட மருத்துவச்சி

உண்மையே மருத்துவத்தின் உயிர். டயகமப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரிச் சுவரில் இப்படி ஒரு பலகை தொங்கியது. பின்னால் ஓர் ஓட்டை. பலகையைக் கழற்றினால் மழை உள்ளே வரும்.

எழுதி மாட்டியவர் சிவசாமி. சம்பளப் பட்டியலில் மருந்து கலப்பவர், தோட்டத்தில் டாக்டரையா. அன்றுதான் பஸ்ஸில் வந்து இறங்கிய மருத்துவச்சி நாகலெட்சுமியை நிற்க வைத்தே, சுவரின் உச்சியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த தம் இங்கிலீஷ் சான்றிதழைக் காட்டி, இருபது வருட அனுபவத்தை விவரித்தார். தேத்தண்ணி குடிக்க அவர் நிறுத்திய இடத்தில் அவள் புகுந்தாள்.

"ஐயா, சேர்றதுக்கு முன்ன ஒன்னு சொல்லணுங்க. என் மேல கொழும்புல ஒரு பெட்டிசம் கெடக்கு. விசாரணை முடியல. என் பதிவ வெட்டுனாலும் வெட்டுவாங்க."

நடந்தது றொசல்லப் பக்கம், அவள் முன்பு வேலை பார்த்த தோட்டத்தில். பிரசவத்தில் காளியாயிக்கு இரத்தம் நிற்கவில்லை. டாக்டரையா எழுதித் தரும் துண்டுச் சீட்டு இல்லாமல் எந்த வண்டியும் நோயாளியை ஏற்றாது. அந்தத் தோட்டத்து டாக்டரையாவோ நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். நாகலெட்சுமி தேயிலைக் கொழுந்து ஏற்றிவந்த லொறியை மறித்தாள். சாக்குகளை ரோட்டில் இறக்கிவிட்டுக் காளியாயியை ஏற்றினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கொழுந்து பிழைக்கவில்லை. அதிகாரம் மீறினாள் என்று பந்தயத்திலிருந்து திரும்பியவர் கொழும்புக்குப் புகார்ப் பெட்டிசம் எழுதினார்.

சிவசாமி எழுந்து கதவைச் சாத்தினார். "இதெல்லாம் தொரைக்கு எதுக்கு புள்ள? கொழும்புக் கடுதாசி என் கைக்குத்தான் வரும். மேசைக்குள்ள போட்டுப் பூட்டிறலாம்."

"பூட்ட வேணாங்க. பொறகு தெரிஞ்சா, ஒருத்தி வலியில கெடக்கயில என்னை நிறுத்துவாங்க. நிறுத்துறதுன்னா இப்பவே நிறுத்தட்டும். தொரைக்குத் துண்டு எழுதுங்க. வேணாம்னா மூணு மணி பஸ்ஸு இருக்கு. பொட்டிய இன்னும் தொறக்கல."

அவர் ஆஸ்பத்திரியின் பெயர், தோட்டத்தின் மானம், தம் வெள்ளைக் கோட்டு என்று வரிசையாகப் பேசிப் பார்த்தார். அவள் நகரவில்லை. வெளியே வரிசையில் நின்ற நிறைமாதக்காரி அம்மாக்கண்ணு ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"துண்டத்தானே கேக்குறாங்க ஐயா, ஒங்க தோலையா கேக்குறாங்க? எழுதுங்க, இடுப்பு நோவுது."

எழுதினார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இங்கே வந்து நாலு மாதம்தான். துண்டைப் படித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் நேரே வந்தார். ஒரே கேள்வி கேட்டார்.

"அந்த பொம்பளை உசுரோட இருக்கா?"

"இருக்காங்க தொரை. பிள்ளையும்."

"நாளைக்கி வேலைக்கு வா. கொழும்பு கடுதாசி வந்தா என்கிட்ட குடு. பொறகு பாக்கலாம்."

அவள் பெட்டியைத் திறக்கப் போனாள். ஒருத்தியின் தாளைப் பார்த்தாயிற்று, மற்றவருடையதையும் பார்ப்பதுதான் முறை என்று துரைக்குத் தோன்றியது. அவர் நல்ல உயரம். எட்டிச் சான்றிதழ்ச் சட்டத்தை இறக்கித் தூசியைத் துடைத்துப் படித்தார்.

சிவசாமி மூன்று வாரம் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் பழகியதாக அதில் எழுதியிருந்தது.