நானூற்றுப் பதினேழாம் வில்லை

எங்கள் ஊரில் அடுத்தவன் சோற்றுத் தூக்கில் கைவைத்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். அடுத்தவன் வில்லையில் கைவைத்தவனுக்கு மன்னிப்பு கிடையாது.

ஓமனாய் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று இருந்தது. விளக்கறை வாசலில் பச்சை அடித்த இரும்புப் பலகை. அதன் வலப்பக்கம் 'மேலே', இடப்பக்கம் 'கீழே'. இறங்குகிறவன் தன் வில்லையைத் தானே இடப்பக்க ஆணியில் மாட்டுவான். ஏறி வந்ததும் தானே வலப்பக்கம் மாற்றுவான். குடித்துத் தள்ளாடுகிறவனுக்குக்கூட நண்பன் மாற்றிக் கொடுக்க மாட்டான். செத்தவனைத் தூக்கி வந்தால் மட்டும் அவன் கூட்டத்தில் மூத்தவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஏறியாச்சுடா" என்று மாற்றிவைப்பான். உடல் வராதவனுடைய வில்லை இடப்பக்கமே கிடக்கும்.

என் பெயர் சுமியே. இருபத்து நாலு வயதில் அந்த விளக்கறையில் விளக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தேன். இப்போது அறுபத்தாறு. சுரங்கத்தை மூடிய பிறகு பலகை, கண்ணாடி போட்டு மூடி, எங்கள் ஊர் வரலாற்று அறைக்கு வந்தது. அறை என்றால் பழைய பொதுக்குளியல் கட்டடத்தின் பெண்கள் பக்கம்; ஆண்கள் பக்கத்துக் கூரையைப் பனி உட்காரவைத்துவிட்டது. சாப்பாட்டுத் தகர டப்பாக்கள், குளியல் சீட்டுகள், பள்ளி வாத்தியக் குழுவின் ஓட்டை முரசு, தொழிற்சங்கக் கொடிகள் என்று நாலாயிரம் பொருட்கள். ஊரில் மிச்சமிருக்கும் ஆட்கள் நூற்றிருபது. "ஒனக்கும் ஒரு நம்பர் ஒட்டி அலமாரில ஏத்திரு" என்று என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. முப்பத்தோரு வருடமாக அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தது ஊர் வரலாற்றின் மேல் உள்ள பாசத்தால் என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நான் காத்தது அந்தப் பலகையை.

நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் சுரங்கத்தில் நடந்த விபத்தில் செத்தவர்கள் முப்பத்தேழு பேர் என்றது கம்பெனி. இருபத்தாறு பேரைத் தூக்கி வந்தார்கள். மீதிப் பதினோரு பேரோடு சுரங்கத்தின் அந்தக் கிளையைச் சுவர் வைத்து அடைத்தார்கள். ஆனால் பலகையின் இடப்பக்கத்தில் தொங்கியவை பன்னிரண்டு. பன்னிரண்டாவது, எண் 417, என் தம்பி இவாவோவுடையது. பத்தொன்பது வயது. ஒப்பந்த மேஸ்திரி ஒருவனிடம் சேர்ந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. பயிற்சி முடிக்காத பையனை இறக்கியது தெரிந்தால் மேஸ்திரிக்கு ஜெயில். "முந்தின நாளே வேலையை விட்டுப் போய்விட்டான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவன் மறைந்துபோனான்.

அன்று காலை என் தம்பிக்கு விளக்கை எடுத்துக் கொடுத்தது நான்.

"கனமா இருக்குக்கா."

"ஒழுங்கா சோறு தின்னா கனம் தெரியாது. போ, பின்னாடி வரிசை நிக்குது."

எங்களுக்குள் கடைசிப் பேச்சு அதுதான். சொன்னேன், எல்லோரிடமும் சொன்னேன். கூடப்பிறந்தவள் வாக்கு சாட்சி ஆகாது என்றார்கள். அவன் ஸப்போரோவில் மதுக்கடைப் பெண் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் அப்பா அதை நம்பினார். நம்பினால் மகன் உயிரோடு இருப்பான் அல்லவா. சாகும்வரை புத்தாண்டுக்கு ஒரு கிண்ணம் அதிகமாக வைத்தார்.

நினைவுக்கல்லில் தம்பி பெயரைச் சேர்க்கச் சொல்லி நான் போட்ட மனுக்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். இந்த வருடம்தான் கல்லே அசைந்தது. குளியல் கட்டடத்தைப் பனி விழுமுன் இடிக்கப்போகிறார்கள். பொருட்களில் கொஞ்சம் நகரத்துக் கிடங்குக்கு, மற்றது குப்பைக்கு. விரிசல் விட்ட நினைவுக்கல்லுக்குப் பதில் புதுக்கல். அந்த வேலையைப் பார்க்கும் ஓகிதா என்ற பெண், நகராட்சியின் பண்பாட்டுப் பிரிவில் இருப்பவள், ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, பலகையோட குறிப்பு அட்டைல 'கீழே பன்னெண்டு'ன்னு எழுதியிருக்கீங்க. கல்லுப் பட்டியல்படி பதினொண்ணுதானே வரணும்?"

நாற்பத்திரண்டு வருடத்தில் எண்ணிப் பார்த்த முதல் ஆள். தம்பி கதையை அவளிடம் முதலிலிருந்து சொன்னேன்.

"வியாழக்கிழமை நினைவுக்கல்லுக் குழுவோட வர்றேன். பலகை அன்னைக்கு இருந்த மாதிரியே இருந்தா, பன்னெண்டுன்னு பதிவு பண்ணிடலாம். கண்ணாடிய யாரும் திறக்க வேணாம், எங்க முன்னாடி திறங்க. பழைய போட்டோ ஏதாவது?"

"இருக்கறதுல கண்ணாடி மினுக்குல நம்பர் ஒண்ணும் தெரியாது."

"நீங்க எடுத்து வெக்கலியா?"

"என் வீட்டு வாசல நான் எதுக்கும்மா போட்டோ எடுக்கணும்?"

அப்போது அது பெரிய பதில் போலத் தோன்றியது. இப்போது என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி ஒன்றும் நடக்காமல் போனால் மறுபடி சிரிப்பார்கள். கென்ரோகு அண்ணனிடமும் சொல்லவில்லை. அவர்தான் அந்த அறைக்கு வரும் ஒரே ஆள். எண்பத்து நாலு வயது, பழைய சுரங்கத் தொழிலாளி. காலையில் வந்து அடுப்பு மூட்டுவார், டீ குடிப்பார், பலகைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார். அவருடைய கூட்டாளி தோயோஸோ அந்தப் பதினொருவரில் ஒருவர். சாவி ஒன்று அவரிடமும் உண்டு.

கண்புரை அறுவைக்காகத் திங்கட்கிழமை நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதன் மத்தியானப் பேருந்தில், ஒரு கண்ணில் கட்டோடு, நேராக அறைக்கு வந்தேன். கதவைத் திறந்ததுமே சோப்பு வாசனை.

கென்ரோகு அண்ணன் பலகையின் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். பச்சை வண்ணம் புதிதாக அடித்ததுபோல் பளிச்சென்று இருந்தது. இடப்பக்கம் வெற்று ஆணிகள். பன்னிரண்டு வில்லைகளும் துடைத்து மின்னிக்கொண்டு வலப்பக்கம் தொங்கின. கீழே ஒரு குவளை சாக்கே மது, பன்னிரண்டு பயற்றுப் பணியாரம்.

"வா சுமியே. ஒத்தக் கண்ணால பாத்தாலும் நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றார் கென்ரோகு அண்ணன்.

"என்னண்ணே பண்ணீங்க?"

"ஏத்திட்டேன். இத பெட்டில போட்டு ஆணி அடிச்சிருவாங்கல்ல. கீழ கெடந்தபடியே அடிச்சா அவனுங்க என்னைக்கு மேல வர்றது? மூத்தவன்னு இனி நான் ஒருத்தன்தான் பாக்கி. முந்தாநேத்து காலைல ஆரம்பிச்சு, ராவுக்குள்ள ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்ட்டு, ஒவ்வொரு மட்டத்துலயும் நின்னு, 'ஏறுறோம்டா, ஏறுறோம்டா'ன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். குறுக்கு வழில கூட்டியாரல."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நாற்பத்திரண்டு வருடமாக அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒந் தம்பியையுந்தான். புதுப் பையன், பாதை தெரியாது பாரு. 'இவாவோ, தலையக் குனிஞ்சுக்கடா, அங்க உத்தரம் தாழ்வு'ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

"அவன் ஓடிப்போனான்னுதானே ஊரே சொல்லுது?"

"வில்லை தொங்குதே. அது பொய் சொல்லுமா? நீ கேட்டிருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்."

நான் கேட்டதில்லை. என்னோடு தினம் டீ குடித்த ஒருவர் என் தம்பியை நம்பியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் கத்தினேன். வியாழக்கிழமை வரும் குழு, கண்ணாடி, பன்னிரண்டு என்ற கணக்கு, எல்லாவற்றையும் கத்திக் கொட்டினேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாயே கிழவா என்றேன். பதினெட்டு வயது மூத்தவரைக் கிழவா என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அவிந்தது. "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றார்.

எந்த எண் எந்த ஆணி என்பது எனக்கு மனப்பாடம். முதல் வில்லையை எடுத்தேன்.

"சுமியே, வேணாம். ஏறினவன மறுபடி எறக்காத."

"நாளைக்கு வந்து இடப்பக்கம் காலியா இருக்கறதப் பாத்தா, அவன் பொறக்கவே இல்லன்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

"எழுதிட்டுப் போகட்டும். அவன் மேல வந்துட்டான்ல?"

"வரலண்ணே. அவன் இன்னும் அங்கதான் கெடக்கான்."

அவர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அடுப்புக்கரியையும் எண்ணெயையும் குழைத்து ஒவ்வொரு வில்லைக்கும் பூசினேன். பலகைக்கும் பூசினேன். முப்பத்தோரு வருடமாக, "பொருளைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், மாற்றாதீர்கள்" என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தவள் நான். அந்தத் தாளின் கீழே நின்றுதான் அத்தனையும் செய்தேன். ஏற்றுவதற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு. இறக்குவதற்குச் சொல் எதுவும் இல்லை; இறங்குகிறவன் தானே இறங்குவான். அதனால் ஒன்றும் சொல்லாமலே மாட்டினேன். பதினொன்றை வரிசையாக மாட்டி முடித்தேன். 417-ஐ எடுத்ததும் அதன் கனம் தெரிந்தது. அதையும் மாட்டினேன். கண்ணாடியைத் திரும்பப் பொருத்தினேன்.

வியாழக்கிழமை காலை ஓகிதா வந்தாள். கூட இரண்டு குழு உறுப்பினர்கள். ஒருவர் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் பழைய சுரங்கச் சட்டங்கள் தெரிந்தவராம். வெள்ளைக் கையுறை, உருப்பெருக்கி. ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கரி நன்றாகவே பிடித்திருந்தது.

"கண்ணாடியை யாராவது திறந்தாங்களா?" என்று ஓகிதா கேட்டாள்.

"இல்ல," என்றேன்.

கென்ரோகு அண்ணன் அடுப்பைக் கிளறினார்.

"பன்னெண்டு," என்றாள் ஓகிதா. அவள் கண் கலங்கியிருந்தது. "நிஜமாவே பன்னெண்டும்மா."

கையுறைக்காரர் உருப்பெருக்கியை மடித்தார். "பன்னெண்டு பேர் கீழ இருந்தாங்கங்கறதுல சந்தேகம் இல்ல. ஆனா இந்த 417 ஒப்பந்த வரிசை எண். ஒப்பந்த வில்லைங்க கைமாறிக்கிட்டே இருக்கும். இன்னைக்கு ஒருத்தன், நாளைக்கு ஒருத்தன். அன்னைக்கு அது யார் கைல இருந்ததுன்னு சொல்ல ஏடு இல்ல. சொல்லக்கூடிய வேற ஆள் யாராவது இருக்காங்களா? குடும்பத்துக்கு வெளில?"

கென்ரோகு அண்ணன் நிமிர்ந்தார். அவர் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். 'நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவன் வந்தான்' என்பார். அதைச் சொன்னால், எப்போது, எங்கே நின்று கூப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். எல்லாம் கலைந்துபோகும். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"சரி. கல்லுல கடைசி வரியா 'மற்றும் ஒருவர்'னு போட்ருவோம். அது நியாயமா இருக்கும்," என்றார் கையுறைக்காரர்.

"அவனுக்குப் பேர் இருக்குங்கய்யா," என்றேன்.

"புரியுதும்மா," என்றார். அவர் கெட்டவர் இல்லை. குனிந்து வணங்கிவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஓகிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுவே பெரிய விஷயம்மா. முப்பத்தோரு வருஷம் நீங்க தொடாம காப்பாத்தினதாலதான். பலகை கிடங்குல முதல் வரிசைல இருக்கும். நீங்க வெச்சிருந்தபடியே, அப்படியே. இனி யாரும் தொட முடியாது." கண்ணாடியைப் பொருத்தி, நாலு மூலையிலும் காகித முத்திரை ஒட்டி, தேதி போட்டாள். ஒட்டியதைக் கட்டை விரலால் ஒருமுறை தடவிவிட்டாள்.

லாரியில் பலகையை ஏற்றினார்கள். ஓட்டை முரசு ஏறவில்லை. அது குப்பை மூட்டையில். கென்ரோகு அண்ணன் தன் இடுப்புக் கொக்கியிலிருந்து அறைச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே."

"இருக்கட்டும்மா."

அவர் அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. கோபம் இல்லை என்று அவர் மருமகள் சொல்கிறாள். பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பன்னிரண்டு பெயர்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கடைசிப் பெயரில் வந்து நின்றுவிடுகிறாராம், மேலே போகத் தெரியாமல்.

போன வாரம் புதுக்கல் நட்டார்கள். முப்பத்தேழு பெயர், கடைசி வரியில் மற்றும் ஒருவர். எல்லோரும் போன பிறகு அந்த வரியில் கைவைத்துப் பார்த்தேன். செதுக்கல் நேர்த்தியாகத்தான் இருந்தது.

நாற்பத்திரண்டு வருடத்தில் என் தம்பியைப் பெயர் சொல்லி மேலே கூப்பிட்டவர் ஒரே ஒருவர். இரண்டு நாள் அவன் மேலே இருந்தான். அவனை இரண்டு முறை இறக்கியவள் நான்: முதல் முறை விளக்கைக் கொடுத்தாவது அனுப்பினேன்.