அரியநாயகம் முதலாளியின் போறணை

பதுளையில் அரியநாயகம் முதலாளியின் கடை எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்தபோது தப்பிய சாமான் ஒன்றே ஒன்றுதான்: ஒரு மின்சாரப் போறணை. பாண் ரொட்டியும் கேக்கும் வேகவைக்க ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போறணை, அவற்றின் தலையில் சட்டி வைக்க நாலு தட்டு. வீட்டுக்கென்று வாங்கியது. வைக்க இடமில்லாமல் ஒரு சிங்களச் சிநேகிதரின் களஞ்சியத்தில் பெட்டி பிரிக்காமல் கிடந்ததால் பிழைத்துக்கொண்டது. அடுத்த வருடம் லொறி ஏறி முதலாளியின் சொந்த ஊரான நாரந்தனைக்கு வந்து, குசினிக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்து, கதவு நிலையைக் கழற்றிய பிறகே உள்ளே போயிற்று.

வயர் இழுக்க ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிளில் வந்தவர் மரியநாயகம். பேச்சுக் குறைந்த மனிதர். மெயின் சுவிச்சிலிருந்து குசினிக்குத் தனியாகத் தடித்த வயர் இழுக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

"உந்த ஃபான் பிளக்கிலை செருகினால் காணாதோ?" என்று முதலாளி கேட்டார்.

"செருகலாம் முதலாளி. பாண் வேக முதல் வீடு வெந்துபோம்."

முதலாளி ஃபான் பிளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, வயருக்குக் காசை எண்ணிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. புது அடுப்பு என்றால் பால் பொங்க வேண்டும். சாத்திரியார் குறித்துக் கொடுத்த நேரம் பத்தரையோடு முடிகிறது, பத்தரைக்கு இராகுகாலம். முதலாளியின் மனைவி அன்னபூரணம் விடியவே தலைதோய்ந்து, குசினியை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, போறணையின் கைப்பிடியில் மாவிலை கட்டி, புதுப் பானையில் பாலோடு வெறுங்காலில் ஈரத்தில் நின்றார். பதுளையை விட்டு வந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டது அன்றைக்குத்தான் என்று முதலாளியே சொன்னார்.

மரியநாயகம் ஒரு குண்டு பல்ப்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். போறணையின் இரும்புடம்பில் கறண்ட் கசிந்தால் அது ஏர்த் கம்பி வழியே மண்ணுக்குள் இறங்க வேண்டும். இறங்கினால் போறணை வயரில் அவர் பூட்டிய ட்றிப் சுவிச் உடனே விழுந்து கறண்டை நிறுத்திவிடும். இறங்க வழி இல்லாவிட்டால் தொட்டவரின் உடம்பு வழியே இறங்கும். குசினிக்குப் பின்னால் அவர் அறைந்த கம்பி மூன்றடியில் கல்லில் முட்டி நின்றுவிட்டது. கறண்ட் ஓடுகிற வயருக்கும் ஏர்த்துக்கும் நடுவே பல்ப்பைத் தொடுத்துப் பார்த்தார். பல்ப்பும் எரியவில்லை, சுவிச்சும் விழவில்லை. கம்பி நின்றது மண்ணில் அல்ல, காய்ந்த சுண்ணாம்புக் கல்லில்.

"பத்தாகுது" என்றார் முதலாளி. "ஒருக்காப் போட்டுவிடும். பால் பொங்கின பிறகு உமக்கு விருப்பமான இடத்திலை கிண்டும்."

"ஏலாது முதலாளி."

"அஞ்சு நிமிச வேலை ஐசே!"

முன்பொருமுறை வேலணையில் புதுவீடு குடிபூரல் நடந்த ஒரு வீட்டிலும் இப்படித்தான் நேரம் போகிறது என்று நெருக்கினார்கள். அங்கே மரியநாயகம் 'ஓம்' என்று சொன்னார். ஏர்த்தை நாளைக்கு இறக்கலாம் என்று கிணற்று மோட்டரைப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் அவர் போனபோது சிவகுரு என்ற அந்த வீட்டுக்காரரைக் கிணற்றடியிலிருந்து பிணமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் மரியநாயகத்தைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது.

மரியநாயகம் போறணை வயரின் பியூசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழி தோண்டும் அலவாங்கைத் தூக்கினார். அந்த வளவில் எப்போதும் ஈரமாக இருக்கிற இடம் குளிக்கிற தண்ணீர் ஓடிப் போகிற கிணற்றடி வாழைதான். அங்கே கிண்டத் தொடங்கினார். முதலாளி பின்னாலேயே வந்து, பதுளையில் தனக்கு ஆறு வேலையாட்கள் இருந்ததையும், ஒருவனும் எதிர்த்துப் பேசாததையும் எடுத்துச் சொன்னார். பத்தரை வந்தது, போனது. அன்னபூரணம் பானையை இறக்கி மூடிவைத்தார். சிரிப்புப் போன அந்த முகத்தை மரியநாயகம் ஒருமுறை பார்த்தார். ஆனாலும் கிண்டினார்.

கம்பி இந்த முறை ஆறடி இறங்கியது. வயரை இழுத்துப் பூட்டி, பியூசைத் திரும்பப் போட்டு, பல்ப்பைத் தொடுத்தார். சுவிச் 'டக்' என்று விழுந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு தரம் தொடுத்தார். இரண்டு தரமும் விழுந்தது.

இராகுகாலம் முடியும்வரை எல்லாரும் சும்மா இருந்தார்கள். பன்னிரண்டுக்குப் பிறகு முதலாளி, "இனி எப்ப வைச்சால் என்ன?" என்றார். அன்னபூரணம் குசினியை இன்னொருமுறை கழுவிவிட்டுப் பானையை ஏற்றினார்.

பால் பொங்கியது. அளவாக அல்ல, நேரம் தப்பிய குறையைத் தீர்ப்பதற்கென்று அன்னபூரணம் பாலைக் கழுத்துமட்டும் விட்டிருந்தார். நுரை சரிந்து, தட்டைச் சுற்றி ஓடி, இடுக்கால் உள்ளே இறங்கியது. எந்தப் பக்கம் பொங்கியது என்று பார்க்க அன்னபூரணம் போறணையின் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்தார்.

டக்.

"கறண்ட் போயிட்டுதே" என்றார், கையை எடுக்காமலே.

வீட்டுக் கறண்ட் போகவில்லை, விறாந்தையில் றேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. மரியநாயகம் ட்றிப் சுவிச்சைப் பார்த்தார். விழுந்திருந்தது. பியூசைக் கழற்றி, போறணையின் பின்தகட்டைத் திறந்தார். வயர் முனையில் பால் சொட்டி, பக்கத்துத் தகடு கறுத்திருந்தது. திரும்பி அன்னபூரணத்தின் கையைப் பார்த்தார். பிறகு ஈரத்தில் நின்ற காலைப் பார்த்தார். கடவுளே என்று மனதுக்குள் கத்தினார். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சாவைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

"பாத்தீரே?" என்று முதலாளி பிடித்துக்கொண்டார். "நேரம் தப்பினதாலை முதல் நாளே பழுது! ஆர் பொறுப்பு?"

"நான்தான் முதலாளி."

"பிறகேன் சிரிக்கிறீர்?"

"அந்தாளை விடுங்கோ" என்று அன்னபூரணம் பானையில் மிஞ்சிய பாலை ஒரு பேணியில் ஊற்றிக் கொடுத்தார். பால் அடிப்பிடித்திருந்தது. மரியநாயகம் அதை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

வயர் முனைகளைத் துடைத்துக் காயவைத்துப் போறணையை அவர் அன்றே ஓட வைத்தார். ஆனால் சுபநேரத்தைக் கெடுத்த மனிதன் என்ற கதை அவருக்கு முதலே ஊர்காவற்றுறைக்குப் போய்விட்டது. வேலைக்குக் கூப்பிட வந்தவர்களே அதைச் சொல்லி, உண்மையா என்று கேட்டார்கள்.

"ஓம்" என்பார் மரியநாயகம். "அந்த அக்கா எப்பிடி இருக்கிறா?"

"அவவுக்கென்ன? கேக் அடிச்சுக்கொண்டு, உம்மைத் திட்டிக்கொண்டு இருக்கிறா."

மரியநாயகம் சைக்கிளை எடுப்பார். அன்றைக்கு அவருக்கு வேலை நன்றாக ஓடும்.