இரண்டு அறைக்கும் கேட்கிற மணி

அவளுடைய அண்ணன் சாயங்காலம் காரோடு வருவதாகச் சொல்லிவிட்டான். அதற்குள் மணி அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால் அப்பா முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவார். அவருடைய பை ஏற்கெனவே கட்டி, கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. இடது கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்கும். ஆமாம் என்பதற்குக் கண் சிமிட்டுவார். போன வாரம் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து வெகுநேரம் தரையில் கிடந்தார். முன்னறையில் அவள் கணவன் மில் மெஷின்களின் சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். பின்னறையில் அவள் அதே போர்டுகளுக்கு அசெம்பிளி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவன் இருந்தான். அவர் பார்த்துக்கொள்வார் என்று அவள் இருந்தாள்.

செய்தி கேட்ட அண்ணன், இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று போனில் குதித்த குதியில்தான் இந்த யோசனை பிறந்தது. அப்பாவின் கட்டைவிரலுக்கு ஒரு சுவிட்ச். அது தலைமாட்டில் இருக்கும் பழைய பிசிக்குப் போகும். பிசியின் பிரிண்டர் போர்ட்டிலிருந்து இரண்டு கம்பிகள்: ஒன்று முன்னறை மணிக்கு, மற்றது பின்னறை மணிக்கு. கம்பி இழுத்தது கணவன். சுவிட்சைக் கவனிக்கும் மெயின் நிரல் அவளுடையது. அழுத்தியதும் அது ‘மணி’ என்ற சின்ன நிரலைக் கூப்பிடும். அவ்வளவுதான் வேலை.

காலையில் நிரல் துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கர் மென்பொருளை ஓட்டியதும் அது முகத்தில் அடித்தாற்போல் ஒரு வரி சொன்னது. ‘மணி’யைக் கூப்பிடுகிறாய், அப்படி ஒன்று எந்தக் கோப்பிலும் இல்லையே என்று அதற்கு அர்த்தம்.

“நீங்க எழுதலையா?”

“நீ எழுதறேன்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

போன வாரம் அப்பாவைத் தரையிலிருந்து தூக்கும்போது இருவரும் பேசியதும் இதே பேச்சுத்தான். அது இருவருக்குமே உறைத்தது. அவன் விறுவிறுவென்று முன்னறைக்குப் போய்விட்டான். அவள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாப்பாட்டைக்கூட மறந்து ‘மணி’யைத் தானே எழுதி முடித்தாள். பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டு, அப்பாவின் தலைமாட்டுக்கு வந்து லிங்கரைத் தட்டினாள்.

மறுபடியும் பிழை. இந்தத் தடவை கதையே வேறு. ‘மணி’ இரண்டு இடத்தில் இருக்கிறதாம்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. என்னத்தைப் பாதியில் போட்டு வைத்திருக்கிறார் இந்த மனுஷன்? லிங்கர் காட்டிய இன்னொரு கோப்பைத் திறந்தாள். பாதி இல்லை. முழு நிரல், கச்சிதமாக. போர்ட்டுக்கு அனுப்பும் எண் மட்டும் ஒன்று. அதாவது முன்னறை மணி மட்டும் அடிக்கும்.

அவளுடையதில் அந்த எண் இரண்டு. பின்னறை மணி மட்டும்.

“இங்க வாங்களேன்.”

அவன் வாசற்படியிலேயே நின்று திரையைப் படித்தான். காது மடல் சிவந்தது.

“ஏன் உங்க ரூமுக்கு மட்டும்?”

“ராத்திரி பூரா நீதானே அவரத் திருப்பிப் படுக்க வெக்கறே. பகல்லயாவது நான் ஓடறேன்னு...” என்று இழுத்தான். “நீ ஏன் உன் ரூமுக்கு மட்டும்?”

“சால்டரிங் பண்ணிட்டிருப்பீங்க. பதறி எழுந்திரிச்சா விரலச் சுட்டுப்பீங்க.”

கட்டிலில் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதட்டோரம் மட்டும் துடித்தது. தூங்குவதாக நடிப்பதில் அவர் எப்போதுமே மோசம்.

“லிங்கருக்கு ஒண்ணு போதும். யாரோடத அழிக்கறது?”

“என்னோடத அழி. உன்னோடதுதான் சுத்தமா இருக்கு.”

“ஐஸ் வெக்காதீங்க.”

அவன் கிட்டே வந்து கை நீட்டித் தன் கோப்பை அழித்தான். அவள் தன்னுடையதைத் திறந்து, இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று போட்டாள். ஒன்றும் இரண்டும் சேர்ந்த மூன்று போனால் இரண்டு கம்பிக்கும் மின்சாரம் போகும். பிறகு லிங்கரைத் தட்டினாள்.

திரையில் ஒரு வார்த்தையும் வரவில்லை. குறை இல்லாவிட்டால் லிங்கர் வாயே திறக்காது. சோதித்துப் பார்ப்பதற்குள் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அண்ணன் உட்காரக்கூட இல்லை. “மெஷின நம்பி மனுஷன விட்டுட்டுப் போக முடியுமா? ரெண்டு பேரும் போய் அவங்கவங்க வேலையப் பாருங்க. நான் இங்கயே நின்னு பாக்கறேன்.”

பின்னறையில் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கீபோர்டில் விரல் பதியவில்லை. அண்ணன் முன்னால் சுவிட்சை அழுத்த அப்பாவுக்குத் தைரியம் வருமா? கம்பி பிடித்திருக்கிறதா? மணி வாயை மூடிக்கொண்டு சுவரில் தொங்கியது.

அடித்தது.

பாய்ந்து ஓடினாள். எதிரில் வந்த கணவனோடு அப்பாவின் அறை வாசலில் தோளோடு தோள் முட்டிக்கொண்டாள்.

“என்னப்பா, தண்ணியா?” அப்பா கண் சிமிட்டவில்லை.

“திருப்பிப் படுக்க வெக்கணுமா மாமா?” அதற்கும் இல்லை.

அப்பாவின் பார்வை கட்டிலுக்கடியில் இறங்கிப் பையில் நின்றது. அங்கிருந்து அலமாரிக்கு ஏறியது. மறுபடி பை. மறுபடி அலமாரி.

முதலில் புரிந்தது அண்ணனுக்குத்தான். குனிந்து பையை இழுத்துத் திறந்தான். வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தான்.

“அது மேல் தட்டுண்ணே,” என்றாள் அவள்.

“தெரியும், போடி,” என்றான் அண்ணன், திரும்பாமலே.