கை அளவு

கடைவீதியில் தையல்காரருக்குப் பக்கத்துக் கடை, கடிகாரம் பழுது பார்ப்பவருடையது. போன வருடம் அவருக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. கொப்புளம் பத்து நாளில் காய்ந்துவிட்டது. வலி மட்டும் போகவே இல்லை. துணி பட்டாலே தீ பட்டதுபோல் துடித்தார். தையல்காரர் இருப்பதிலேயே மெல்லிய துணியை எடுத்து, தொளதொளவென்று ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அதையும் போட முடியாமல் மனுஷர் வெற்றுடம்போடு உட்கார்ந்து கடிகாரங்களோடு மல்லுக்கட்டினார்.

ஒரு மனிதன் சட்டையே போட முடியாமல் போவது! முப்பத்தைந்து வருடம் சட்டை தைத்தவருக்கு அதைவிடப் பெரிய பயம் என்ன வேண்டும்?

டாக்டரிடம் ஓடினார். "அக்கிக்குத் தடுப்பூசி இருக்கு. ஆனா நம்ம நாட்டுக்கு இன்னும் வரல. பக்கத்து நாட்டுல போடறாங்க. ரெண்டு ஊசி, ரெண்டு மாசம் இடைவெளி" என்றார் டாக்டர்.

"அங்கதான் உங்க அண்ணன் இருக்காரே" என்றாள் மனைவி.

இருந்தார். பதினோரு வருடமாக இருந்தார். அண்ணி இறந்தபோதுகூடத் தையல்காரர் போகவில்லை. கல்யாண சீசன், தலைக்கு மேல் வேலை என்று சொல்லிவிட்டார். இப்போது எந்த முகத்தோடு ஊசிக்காக வருகிறேன் என்பது? தொலைபேசியில் வாய் தானாகவே சொல்லிவிட்டது: "உன்னைப் பாக்கணும்போல இருக்குண்ணே."

மறுமுனையில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது.

பேருந்து நிலையத்தில் அண்ணன் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து காத்திருந்தார். வீடு போகும் வழியெல்லாம் காய்கறிக்காரி, செருப்புக் கடைக்காரர், கீழ் வீட்டுக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. "என் தம்பி! என்னைப் பாக்கறதுக்குன்னே எல்லை தாண்டி வந்திருக்கான்!" ஒவ்வொரு தடவையும் தையல்காரர் தன் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, "துணிக்கடையெல்லாம் சும்மா ஒரு சுத்து பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினார்.

"நானும் வரேன்டா."

"வேணாம்ணே. உனக்கு முட்டி வலி. நீ இரு."

ஆஸ்பத்திரியில் இடது கையில் ஊசி போட்டார்கள். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே நர்ஸிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அடுத்த ஊசியையும் இப்பவே குடுத்தீங்கன்னா, ஐஸ்ல வச்சு எடுத்துட்டுப் போயிடுவேன்மா."

"இது என்ன மீனா, ஐஸ் பெட்டியில கொண்டு போக? நேர்லதான் வரணும் ஐயா."

நேரில் வருவதென்றால் இன்னொரு பொய்.

வீடு திரும்பியபோது அண்ணன் மேஜையில் நீல நிறத் துணியை விரித்து வைத்திருந்தார். கழுத்தில் அளவு நாடா. அப்பாவின் கடையில் தொழில் பழகிய காலத்தில் அப்படித்தான் வழக்கம்: அண்ணன் சட்டையைத் தம்பி தைப்பான், தம்பி சட்டையை அண்ணன் தைப்பான்.

"இந்தச் சட்டைக்கு யாருடா அளவெடுத்தா?"

"நான்தான்."

"அதான் தோள் ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் நிக்குது. வா இங்க, நேரா நில்லு."

கழுத்து, தோள், மார்பு. ஒவ்வொன்றாக எடுத்துச் சீட்டில் குறித்தார். மேல்கையில் நாடாவைச் சுற்றி இழுத்ததும் தையல்காரர் "ஆ!" என்று அலறிவிட்டார்.

அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டினார். வட்டமாக ஒரு பிளாஸ்டர்.

"என்னடா இது?"

"எறும்பு கடிச்சிருச்சு."

"கடிச்ச எறும்பே பிளாஸ்டரும் ஒட்டிட்டுப் போச்சா?"

அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. தரையைப் பார்த்தபடி கடிகாரக்காரர், டாக்டர், ஊசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அண்ணன் நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"அப்ப என்னைப் பாக்க வரல."

"அண்ணே..."

"கீழ் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லிட்டேனேடா."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். குற்றம் செய்தவர் தானே என்பதுபோல் அண்ணன் கூசிப்போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றதைத்தான் பார்க்க முடியவில்லை.

ஏதாவது பேசியாக வேண்டும். "நீ போட்டுக்கிட்டியாண்ணே, இந்த ஊசிய?" என்று கேட்டார். கேட்கும்போதுதான் உறைத்தது: தன்னைவிட எட்டு வயது மூத்தவர். இத்தனை நாளில் இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"போனேன். தனியா இருக்கேன்னதும், காய்ச்சல் வந்தாலும் வரும், ரெண்டு நாள் கூட யாராவது இருக்கற மாதிரி பாத்துக்கிட்டு வாங்கன்னாங்க. அப்படியே விட்டுட்டேன்."

"நாளைக்கே போலாம். நான் இருக்கேன்."

"நாளைக்கு உனக்கு பஸ்ஸு."

"மாத்திக்கறேன்."

அண்ணன் திரும்பி, தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "நிஜமா சொல்றியா, இல்ல ஃபோன்ல சொன்ன மாதிரியா?"

தையல்காரருக்குக் காது மடல் வரை சுட்டது. நம்பும்படியாகச் சொல்லத் தன்னிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அண்ணன் விரலில் இருந்த நாடாவை உதறினார். "சரி, கையைத் தூக்கு. அளவு பாதியில நிக்குது."

தூக்கினார். பிளாஸ்டரில் படாமல் நாடா மெதுவாகச் சுற்றி வந்தது.