பதம் வந்த களிமண்

இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர். கட்டடத்தின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, நான்கு டன் இரும்பை மேசைமேல் தம்ளர் வைப்பதுபோல இறக்கிவைத்த கை அது. அந்தக் கைக்கு இப்போது சோப்புக்கட்டி அளவு களிமண்ணோடு மல்லுக்கட்டு. போன வருடம் வந்த பக்கவாதம் காலையும் பேச்சையும் ஒருவழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வலது கையை மட்டும் லேசில் விடுவதாக இல்லை.

பயிற்சி சொல்லித்தர வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "தினமும் இருநூறு தடவை அமுக்குங்க சார்" என்றாள். மூன்றாம் நாள் பந்து ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. பச்சைக்குழந்தைக்குக் கொடுக்கிற சாமானைத் தன்னிடம் கொடுத்தாளே என்று அவருக்கு ஆத்திரம்.

மறுநாள் காலையில் மனைவி தன் வேலை மேசையிலிருந்து ஒரு களிமண் கட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்குக் கட்டைவிரல் கழண்டு விழுது. இதைக் கொஞ்சம் பிசைஞ்சு குடுங்களேன், புண்ணியமாப் போகும்."

அவளுடைய தொழில் தலை செய்வது. பொம்மைகளை வைத்துப் படம் எடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு, எலுமிச்சம்பழம் அளவில், ஒரே ஆளுக்கு இருபது தலை. சிரிக்கிற தலை, முறைக்கிற தலை, தும்மப்போகிற தலை. அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, அதன்மேல் ஓவனில் சுட்டால் இறுகுகிற பாலிமர் களிமண்ணை அப்பி முகம் பிடிப்பாள். மிருதுவான களிமண் அவளுக்கு ஆகாது. இந்தப் பக்கம் காதைத் திருத்தினால், பிடித்திருக்கிற விரல் பட்டு அந்தப் பக்கம் கன்னம் அமுங்கிவிடும். மூக்கைச் சரிசெய்தால் தாடை போய்விடும். கெட்டிக் களிமண்தான் வைத்தது வைத்த இடத்தில் நிற்கும். ஆனால் அதற்குப் பிடிவாதம் அதிகம். அரைமணி நேரம் உள்ளங்கைச் சூட்டில் போட்டுப் பிசைந்தால்தான் இளகும். பதம் வராமல் ஓவனில் வைத்தாலோ, காதுக்குப் பின்னால் விரிசல் விட்டுவிடும்.

கிரேன்காரர் பிசைந்தார். ஏழு மாதமாகத் தினமும் பிசைந்தார். விரல்களும் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் இல்லைன்னா இவளுக்கு ஒரு தலை உருளாது" என்று பெருமையடித்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் அவர் மைத்துனி, மனைவியின் தங்கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தாள். நல்ல பெண்தான், வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது.

"என்ன மாமா, கையால போட்டு இந்தப் பாடு படறீங்க? அக்காகிட்ட உருளை மெஷின் இருக்குமே! மாவு தேய்க்கிற மாதிரி கைப்பிடியைச் சுத்தினா தகடு தகடா வருமே. அலமாரியில கம்பளிக்குப் பின்னாடி வெச்சிருந்தாளே."

அவர் முகம் சுண்டிப்போனது. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். கம்பளிக்குப் பின்னால் மெஷின் இருந்தது, துணி சுற்றி, பத்திரமாக. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று மைத்துனிக்கு அப்போதுதான் உறைத்தது. துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்கு நழுவிவிட்டாள்.

அவர் மெஷினைக் கொண்டுவந்து மனைவியின் வேலை மேசைமேல் வைத்தார். கை போனதைக்கூடத் தாங்கிக்கொண்ட மனிதர்தான். இந்த வீட்டில் வேண்டாத ஆளாகிவிட்டோமோ என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஏழு மாசமா என்னை ஏமாத்தியிருக்க. அந்தப் பந்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

மனைவி புதுக் கட்டி ஒன்றைப் பிரித்து, ஒரு துண்டு வெட்டி நீட்டினாள். "போட்டுச் சுத்திப் பாருங்க."

சுற்றினார். கடகடவென்று சத்தம் வந்தது. களிமண் ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்து மேசையில் கொட்டியது. இரண்டாவது சுற்றில் கைப்பிடி இறுகி நின்றுவிட்டது.

"இளகின களிமண்ணைத்தான் அது தகடாக்கும். இளக்கிறதுக்குக் கைதான் வேணும்" என்றாள்.

"அப்ப எதுக்கு ஒளிச்சு வெச்ச?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நெஜத்தைச் சொல்லிடறேன். முதல்ல உங்க கைக்காகத்தான் குடுத்தேன். நீங்க பிசைஞ்சது எல்லாம் அரைகுறை. நீங்க குளிக்கப் போனதும் நான் திரும்பப் பிசைஞ்சு, இளக்கி, மெஷின்ல விடுவேன். உங்க கண்ணுல பட்டா கேப்பீங்களேன்னுதான் ஒளிச்சேன்."

"எத்தனை நாள்?"

"மூணு மாசம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வலது கை மடியில் கிடந்தது.

"அப்புறம் ஒருநாள் இருபது தலை அவசரமாக் கேட்டாங்க. திரும்பப் பிசைய நேரமில்ல. நீங்க குடுத்ததை அப்படியே வெச்சு செஞ்சுட்டேன். ஓவன் முன்னாடியே நின்னு ஒவ்வொரு காதாப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணுலகூடக் காதோரம் விரிசல் விடலைங்க! நான் பிசைஞ்சப்பவே இருபதுல மூணு போயிடும். அன்னைக்கு ஓவன் கதவைப் பிடிச்சுக்கிட்டே அழுதேன். அதுக்கப்புறம் நான் பிசையவும் இல்ல, அந்த மெஷினை எடுக்கவும் இல்ல. இந்தக் கட்டைவிரலை வெச்சுக்கிட்டு வேலையையே விட்டுடலாம்னு இருந்தவ நான். உங்களாலதான் இன்னும் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

அவர் பார்வை அவளுடைய கட்டைவிரலுக்குப் போனது.

"அந்த மூணு மாசம், உனக்கு விரல் வலிச்சிருக்குமே?"

"வலிச்சுது."

இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் விருந்தாளியாகிவிடுவோமோ என்று ஒரு கூச்சம். அவர் அவளுடைய கட்டைவிரலைத் தன் வலது கையாலேயே பிடித்து, மெல்ல நீவிவிட்டார்.

"எனக்குக் கையைத் திருப்பிக் குடுத்தது நீதான். ரொம்ப நன்றிம்மா."

"நல்லாயிருக்கு, இது என்ன புதுசா!" என்று சொன்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் உதிர்ந்த தூளையெல்லாம் ஒன்று விடாமல் கூட்டி, மீதிக் கட்டியோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துப் பிசைய ஆரம்பித்தார். முதலில் தூள் ஒட்டவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உருண்டையாகியது. இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும். அன்றைக்கு முடிக்க வேண்டியது ஒரு கொட்டாவி விடுகிற தலை. அவசரத்தில் அவள் கையை நீட்டினாள்.

அவர் களிமண்ணை மடித்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பொறு. மடிச்சா ஓரம் இன்னும் வெடிக்குது. பதம் வரலை."

அவள் கையை எடுத்துக்கொண்டு, காத்திருந்தாள்.