டேங்கில் ஒட்டிய பெயர்

வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கைக்குழந்தையின் பெயரோ, காதலியின் முதல் எழுத்தோ, குமிழி இல்லாமல் ஒரே இழுப்பில் ஒட்டிவிடுவார். ஆனால் சொந்த மகனிடம் நாலு வார்த்தை வாங்க மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு ‘ம்’ வரும். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

தாயில்லாப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கடைசிவரை தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவன். கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதத்தில் அவனுக்கும் ஒரு செட்டு சேர்ந்ததைப் பார்த்தபோது, மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் செட்டுதான் அவன் பிறந்தநாளுக்கு முந்தின நாள் கடைக்கு வந்தது. மகனுக்காகப் பழைய பைக் ஒன்றை வாங்கி, அன்று காலையில்தான் டேங்குக்குப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார்.

“அங்கிள், சர்ப்ரைஸா அவன் பேரை டேங்க்ல ஒட்டணும். நாங்க கூப்பிடற பேரு. டொக்கு.”

“டொக்கா? அப்படின்னா என்னப்பா?”

காதில் வளையம் போட்டவன் சிரிக்காமல் சொன்னான். “உயிர் நண்பனைத்தான் அப்படிக் கூப்பிடுவோம் அங்கிள்.” மற்ற இரண்டு பேரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? பாசம் கண்ணை மறைத்தால் யாருக்குத்தான் உறைக்கும்!

இன்னொன்றும் உறைக்கவில்லை. புதுப் பெயிண்டில் ஒட்டாதீர்கள், ஒரு வாரம் ஆறவிடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். ஆனைக்கும் அடி சறுக்கும். மஞ்சள் எழுத்தாக வெட்டி, மறுநாள் விடியும் முன்பே ஒட்டிவிட்டார்.

காலையில் மகன் கடைக்கு மேலே இருந்த வீட்டிலிருந்து படியிறங்கி வந்தான். நண்பர்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர் இரண்டு கையையும் விரித்து, தெருவே கேட்கும்படி கத்தினார்.

“வாடா டொக்கு! வண்டி எப்படி இருக்கு?”

செட்டு விழுந்து விழுந்து சிரித்தது. மகனும் சிரித்தான். சாவியை வாங்கிக்கொண்டு, டேங்கைப் பார்க்காமலே கிளம்பிப் போனான்.

சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். டேங்கின் மேல் சட்டையைப் போட்டு மூடியிருந்தான். உடம்பில் பனியன் மட்டும்.

“என்ன ராசா, பிடிக்கலையா?”

“அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமாப்பா?”

“செல்லப்பேருன்னு பசங்க...”

“உதவாக்கரைன்னு அர்த்தம். பாக்கச் சகிக்காதது, யாருக்கும் வேண்டாதது. நீங்க கத்தினது இப்ப காலேஜ் பூரா எல்லார் போன்லயும் ஓடுது. ‘பெத்தவருக்கே தெரிஞ்சிருக்கு’ன்னு சிரிக்கறாங்க.”

“அப்புறம் ஏன்டா அவங்களோட சுத்தற?”

“வேற யாருப்பா இருக்கா எனக்கு? என்ன பேரா இருந்தா என்ன, கூப்பிடறாங்களேன்னு இருந்தேன். வீட்டுக்கு வந்தா ராசான்னு கூப்பிட நீங்க இருக்கீங்க, அது போதும்னு நினைச்சேன்.” அவன் சட்டையை இன்னும் இழுத்து டேங்கை மூடினான். “இன்னிக்கு நீங்களும் கூப்பிட்டுட்டீங்க.”

எத்தனை மாதமாக ஏங்கிய பேச்சு! கிடைத்தது இப்படியா கிடைக்க வேண்டும்!

“ரெண்டு நிமிஷம் இரு ராசா, எடுத்துடறேன்.” ஹேர் டிரையரை எடுத்து வந்து சூடு காட்டி, முதல் எழுத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். எழுத்து வந்தது. அதோடு பெயிண்டும் தோலாக உரிந்து வந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. எல்லாவற்றையும் எடுத்த பிறகு, கறுப்பு டேங்கில் வெறும் தகரத்தில் அந்தப் பெயர் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

“நாளைக்கே வேற பெயிண்ட்...” என்றார்.

“விடுங்கப்பா. பழகிடுச்சு.” சட்டையை உதறி மாட்டிக்கொண்டு மகன் படியேறினான்.

சாப்பிடக் கூப்பிட வேண்டும். பத்தொன்பது வருஷமாகக் கூப்பிட்ட ‘ராசா’தான். படிக்கட்டின் கீழே நின்று வாயைத் திறந்தார். காலையில் தெருவே கேட்கக் கத்திய அந்த வாயால் கூப்பிட அவருக்குக் கூசியது. தட்டை எடுத்துக்கொண்டு அவரே மேலே போனார்.