குப்பைக்குள் வைத்தது

மெயில் திறந்துவிட்டது. காலையிலிருந்து திறந்த மாத்திரத்தில் சுருண்டு விழுந்துகொண்டிருந்த மென்பொருள் இப்போது சமர்த்தாகத் திரையில் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்து நெட்டி முறித்தான். வெளியே ஜல்லி கிரஷர் இரைந்ததில் மேசைமேல் டம்ளர் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சுதுக்கா. மலை மாதிரி குப்பை சேத்து வெச்சிருந்தீங்க. திறக்கும்போதே அத்தனையையும் தூக்குன்னா பாவம் அது எப்படி எந்திரிக்கும்? மொத்தமா வழிச்சுப் போட்டுட்டேன்."

கணக்கெழுதும் அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"எதை?"

"குப்பைப் பெட்டிய."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவனுக்குப் பட்டது.

"எங்கண்ணன் கேஸ் பூரா அதுலதான் தம்பி இருந்துச்சு."

நாலு பேர் புழங்கும் ஆபீஸ் மெயில் அது. அவளுக்கென்று தனி மெயில் கிடையாது. முதலாளியின் மருமகன் சனிக்கிழமை வந்தானென்றால் படித்தது, படிக்காதது எல்லாவற்றையும் குப்பைக்குத் தள்ளிவிட்டுப் போவான். தள்ளியதை எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். அதனால் காப்பாற்ற வேண்டியதையெல்லாம் அவளும் அங்கேயே போட்டு வைத்தாள். கிரஷர் பெல்ட்டில் கையைக் கொடுத்த அண்ணனின் எக்ஸ்ரே, ஆஸ்பத்திரி அறிக்கை, பாதுகாப்பு மூடி இல்லாமல்தான் பெல்ட்டை ஓட்டச் சொன்னார்கள் என்று மேஸ்திரி எழுதிய மெயில். மேஸ்திரி போன இடம் தெரியவில்லை. திங்கட்கிழமை விசாரணை.

குப்பையில் யாராவது பத்திரப்படுத்துவார்களா என்று அவனுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். கேட்காமல் காலி செய்தவன் அவன்தானே.

"இதே மெயில் வேற கம்ப்யூட்டர்ல இருக்கா?"

"லாரி எடைமேடையில இருக்கு. எடைக்காரரு இன்னைக்கு இன்னும் போட்டிருக்க மாட்டாரு."

"போடவே கூடாதுக்கா! மெயில் திறந்து நெட் கெடச்சுட்டா, இங்க அழிச்சது அங்கயும் அழிஞ்சிரும்."

போன் போட்டாள். அடித்து ஓய்ந்தது. இந்த இரைச்சலில் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. அவன் ஓடினான். ஜல்லிக் குவியலில் செருப்பு ஒன்று கழன்று புதைந்தது. அதை விட்டுவிட்டு ஓடினான்.

"என்ன மாப்ள, பொண்ணு வீட்டுக்காரங்க தொரத்துறாங்களா?" என்றான் ஒரு லாரிக்காரன்.

எடைமேடை அறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் எடைக்காரரின் காலடியில் புகுந்து இணைய ஒயரைப் பிடுங்கினான்.

"யோவ், யார்யா நீ?"

"மெயில் திறந்தீங்களா ஐயா?"

"எங்க திறக்குது? இப்பத்தான் போட்டேன். மூஞ்சியக் காட்டுது, உடனே படுத்துக்குது. பாத்துக் குடேன்."

எழுந்ததும் படுத்திருந்தால், எதையும் அழிக்க அதற்கு நேரம் இருந்திருக்காது. மூச்சிரைக்க வந்து வாசலில் நின்ற அக்காவைப் பார்க்காமல் அவன் மெயிலை ஒருமுறை தட்டிப் பார்த்தான். விழுந்தால் குப்பை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஒரு மென்பொருள் விழ வேண்டுமென்று அவன் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஜன்னல் விரிந்தது. விழுந்தது.

"இருக்கா தம்பி?"

"இருக்கணும்க்கா. அப்படியே நகல் எடுத்துப் பாப்போம்."

பென்டிரைவைச் செருகினான். பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. பாரம் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு மேடையில் ஏற, அறை முழுக்க ஆடியது. அக்கா பாய்ந்து கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள். மெக்கானிக்கும் பிடித்தான். எதற்கென்று தெரியாமலே எடைக்காரரும் கல்தூசி படிந்த தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.